ஜீப்பின் கதவைக் கழற்றலாமா?

ஹெப்பாள் தொழிற்பேட்டையிலிருந்து வார இறுதியில் குடகு மலைக்குப் புறப்படும் தார் வாகனத்தின் கதவுகளைக் கழற்றிவிட்டால் காற்றோட்டம் இனிமைதான். சட்டம் அதனை ஏற்குமா?

பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அதில் ‘கதவு’ என்ற சொல்லே இல்லையே என வாதிடலாம். அவ்வாதத்தை நம்பிச் சாலையில் இறங்குவது எங்களுக்கு உசிதமாகப் படவில்லை. மூல வடிவமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. அதே ஆண்டின் சட்டத்திருத்தப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தொழிற்சாலையிலிருந்தே கதவின்றி வந்த பழைய ஜீப்புகளின் நிலை வேறு.

கதவோடு பக்கக் கண்ணாடியும் போய்விடும். பக்கவாட்டு மோதலைத் தாங்கும் இரும்பும் இராது. கடன் தீரும்வரை வாகனம் வங்கிக்கு ஈடாக இருப்பதால் எங்களுக்கும் இதில் அக்கறை உண்டு. மாற்றத்தை மறைத்தால் காப்பீட்டு இழப்பீடு மறுக்கப்படக்கூடும். மாதத் தவணையோ நிற்காது. ஆகவே திருப்புளியை எடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்து மூலம் கேட்டறியுமாறு வேண்டுகிறோம்.