ஒரு லட்சம் ரூபாய் கேபிள் போட்டால் பாட்டு இன்னும் நல்லா கேட்குமா?

ஸ்ட்ரீமிங் ஆப்புக்கு நீங்கள் மாதம் கட்டும் சந்தா சில நூறு ரூபாய்தான். ஆனால் அதே பாட்டை 'இன்னும் துல்லியமாக' கேட்க வைப்பதாகச் சொல்லி விற்கப்படும் துணைப் பொருட்களின் விலை எங்கேயோ போய் நிற்கிறது. வெள்ளிக் கம்பி போட்ட ஈதர்நெட் கேபிள், 'ஆடியோஃபைல்' நெட்வொர்க் ஸ்விட்ச், தனி பவர் சப்ளை, கேபிள் தரையில் படாமல் தூக்கிப் பிடிக்கும் குட்டி ஸ்டாண்டு என்று பட்டியல் நீளம். அமெரிக்காவின் ஆடியோகுவெஸ்ட் நிறுவனத்தின் 'டைமண்ட்' ஈதர்நெட் கேபிளுக்கு, 2015 வாக்கில் 12 மீட்டர் நீளத்துக்கு 10,000 டாலருக்கு மேல் விலை இருந்தது.

சம்பளம் கொஞ்சம் உயர்ந்ததும் நல்ல ஹெட்போன் வாங்குகிறோம். அடுத்து 'டாக்' எனப்படும் கன்வெர்ட்டர். அதற்கடுத்து யாராவது ஒருவர், "கேபிளை மாத்திப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்பார். அந்த இடத்தில்தான் இஎம்ஐ தொடங்குகிறது. அதற்கு முன் இந்தப் பொருட்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்று பார்த்துவிடுவோம்.

பாட்டு உங்கள் காதுக்கு எப்படி வருகிறது?

இந்தப் பயணத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் பாதியில் பாட்டு என்பது வெறும் எண்கள். சிடி தரத்தில் ஒவ்வொரு வினாடியும் 44,100 முறை ஒலியின் அளவு 16 பிட் எண்ணாகப் பதிவாகிறது. இடது, வலது இரண்டையும் சேர்த்தால் வினாடிக்கு 1,411 கிலோபிட். இந்த எண்கள் சர்வரிலிருந்து கிளம்பி உங்கள் ரவுட்டர், போன் அல்லது லேப்டாப் வழியாக டாக் வரை வருகின்றன.

இரண்டாம் பாதி டாக்கில் தொடங்குகிறது. அது எண்களை மின்னலையாக மாற்றுகிறது. ஆம்ப்ளிஃபயர் அந்த அலையைப் பெரிதாக்குகிறது. ஹெட்போனோ ஸ்பீக்கரோ அதைக் காற்றின் அதிர்வாக மாற்றுகிறது.

ஒலி கெட்டுப்போக வாய்ப்பு அதிகம் இருப்பது இரண்டாம் பாதியில். காஸ்ட்லி துணைப் பொருட்கள் பெரும்பாலும் சரிசெய்வதாகச் சொல்வது முதல் பாதியை!

'நல்ல கேபிள் போட்டா டேட்டா நல்லா வருமே?'

நீங்கள் யூபிஐ-யில் 500 ரூபாய் அனுப்புகிறீர்கள். பத்தாயிரம் ரூபாய் போனிலிருந்து அனுப்பினாலும், ஒரு லட்சம் ரூபாய் போனிலிருந்து அனுப்பினாலும் போய்ச் சேருவது அதே 500 ரூபாய். ஒன்று போய்ச் சேரும், இல்லையென்றால் 'ஃபெயில்' ஆகும். 'கொஞ்சம் மங்கலான 500 ரூபாய்' என்று ஒன்று கிடையாது.

ஈதர்நெட்டும் அப்படித்தான். ஒவ்வொரு டேட்டா பொட்டலத்தோடும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று வரும். வழியில் ஏதாவது மாறியிருந்தால் அந்தப் பொட்டலம் தூக்கிப் போடப்படும், மறுபடியும் அனுப்பச் சொல்லிக் கேட்கப்படும். சாதாரண கேட் 5இ கேபிளே 100 மீட்டர் தூரத்துக்கு வினாடிக்கு ஒரு ஜிகாபிட் கடத்தும். சிடி தரப் பாட்டுக்குத் தேவைப்படுவது அதில் சுமார் 700-ல் ஒரு பங்கு.

கேபிளில் உண்மையாகவே கோளாறு இருந்தால் பாட்டு நிற்கும், திக்கும், சக்கரம் சுற்றும். பாஸ் மட்டும் குறைவது, பாடகர் குரல் மட்டும் 'தள்ளிப்போய்' கேட்பது போன்றவை நடக்காது. அதற்கு யாரோ எண்களைத் திட்டமிட்டு மாற்றி எழுத வேண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தப் பாட்டு உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் பல கிலோமீட்டர் சாதாரண ஃபைபரிலும் எத்தனையோ சாதாரண ஸ்விட்சுகளிலும் ஏறி இறங்கி வந்திருக்கிறது. கடைசி ஒரு மீட்டரில் வெள்ளிக் கம்பி வந்து எதைத் திருத்தப்போகிறது?

டெனான் நிறுவனம் 2008-ல் 499 டாலருக்கு விற்ற ஏகே-டிஎல்1 கேபிளில், சிக்னல் போகும் திசையைக் காட்டும் குறிகூட இருந்தது. நெட்வொர்க் கேபிளில் தகவல் இரண்டு பக்கமும்தான் போய் வருகிறது!

செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈதர்நெட் கேபிளைக் கழற்றுங்கள். வைஃபை என்றால் அதை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான ஆப்களில் பாட்டு கொஞ்ச நேரமாவது தொடர்ந்து ஓடும். ஏனென்றால் அந்த எண்கள் ஏற்கெனவே மெமரிக்கு வந்துவிட்டன. அந்த நேரத்தில் கேபிளுக்கும் உங்கள் காதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒலி மாறியதா என்று கேட்டுப் பாருங்கள்.

'எண்கள் சரிதான், ஆனா மின் இரைச்சல் வருமே?'

விற்பவர்கள் வைக்கும் வாதங்களில் ஓரளவு வலுவானது இதுதான். 'பிட் மாறாது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கேபிள் வழியாக வரும் மின் இரைச்சல் டாக்கின் அனலாக் பகுதியைத் தொந்தரவு செய்யும்' என்கிறார்கள்.

கொள்கையளவில் இது சாத்தியம்தான். ஆனால் ஈதர்நெட் போர்ட்டுகளில் இரு பக்க மின்சுற்றுகளையும் பிரித்து வைக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. வைஃபையில் கேட்டால் கம்பியே கிடையாது. இரைச்சல் வருகிறது என்றால் டாக்கின் அவுட்புட்டில் அதை அளந்து காட்டவும் முடியும். எனவே விற்பவரிடம் ஒரே கேள்வி போதும்: "இந்தக் கேபிளோட, இது இல்லாம, ரெண்டு அளவீடும் காட்டுங்க."

காதில் விழும் இரைச்சல் உண்மையாகவே வரும் சந்தர்ப்பமும் உண்டு. லேப்டாப்பை சார்ஜரில் போட்டதும் ஸ்பீக்கரில் 'உம்ம்ம்' என்று கேட்கிறதா? சார்ஜரைக் கழற்றினால் நிற்கிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் எர்த் தொடர்பான பிரச்சினை. ஸ்பீக்கரையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சின்னப் பொருள் உதவும். எந்த நிலையிலும் எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள். ஷாக் அடித்தால் காப்பாற்றுவது அதுதான்.

'ஆனா எனக்கு வித்தியாசம் கேட்குதே!'

கேட்கிறது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையாகவே கேட்கிறது. ஆனால் அந்த வித்தியாசம் கேபிளிலிருந்து வருகிறதா, எதிர்பார்ப்பிலிருந்து வருகிறதா என்பதுதான் கேள்வி.

2008-ல் கால்டெக், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 20 பேருக்கு ஒயின் கொடுத்து, அவர்கள் மூளையை ஸ்கேன் செய்தார்கள். ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் இன்னொருமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை அதிகம் என்று சொன்னபோது பிடித்திருப்பதாகச் சொன்னது மட்டுமல்ல, இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயல்பாடும் கூடியது. விலைச் சீட்டு அனுபவத்தையே மாற்றுகிறது.

ஒலியில் இன்னொரு சிக்கல், சத்த அளவு. இரண்டு பாட்டுகளில் ஒன்று மிகக் கொஞ்சம் சத்தமாக இருந்தாலும், 'இது சத்தம் அதிகம்' என்று நமக்குத் தோன்றாது. 'இது தெளிவா இருக்கு' என்றுதான் தோன்றும். அதனால்தான் முறையான சோதனைகளில் இரண்டின் சத்தத்தையும் ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சமப்படுத்துகிறார்கள். கடை டெமோவில் இதைச் செய்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கண்ணை மறைத்த சோதனைகள் சொல்வது என்ன?

2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவையும் அதையே சிடி தரத்துக்குக் குறைத்த வடிவத்தையும் ஒப்பிடச் சொன்னார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை 276. அதாவது 49.8 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலும் இதே அளவுதான் வரும்.

மறுபக்கமும் உண்டு. 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் இத்தகைய 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்தார். 12,500-க்கும் அதிகமான முயற்சிகளில் சராசரியாக 52.3 சதவீதம் சரி. பயிற்சி பெற்றவர்கள் மட்டும் என்றால் இது இன்னும் கூடியது. எனவே 'யாருக்கும் எதுவும் கேட்காது' என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் கவனியுங்கள். இந்த ஆய்வுகளில் ஒப்பிடப்பட்டவை வெவ்வேறு எண்கள் கொண்ட ஃபைல்கள். அங்கேயே வித்தியாசம் இவ்வளவு சிறியது. கேபிள் விஷயத்தில் இரண்டு பக்கமும் எண்கள் ஒன்றேதான். ஆர்ஸ் டெக்னிகா என்ற தொழில்நுட்பத் தளம் 2015-ல் 340 டாலர் ஈதர்நெட் கேபிளையும் மலிவு கேபிளையும் மறைத்து வைத்துச் சிலரைக் கேட்க வைத்தது. அது சிறிய சோதனைதான். ஆனால் அவர்களால் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

நண்பர் ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் காசைச் சுண்டி, தலை விழுந்தால் பழைய கேபிள், பூ விழுந்தால் புதிய கேபிள் என்று மாட்ட வேண்டும். நீங்கள் அதைப் பார்க்கக் கூடாது. சத்தம், பாட்டு, உட்காரும் இடம் எதுவும் மாறக் கூடாது. எத்தனை முறை என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். 'சரியா வர்ற வரைக்கும்' என்பது சோதனை அல்ல.

எத்தனை சரியாக வந்தால் நம்பலாம்? 10 முறையில் 8 சரியாகச் சொன்னால் பெரிய சாதனை போலத் தெரியும். ஆனால் எதுவுமே கேட்காமல் 100 பேர் குருட்டாம்போக்கில் சொன்னாலும், அவர்களில் 5 பேர் வாக்கில் 8 அல்லது அதற்கு மேல் எடுத்துவிடுவார்கள். அந்த 5 பேர் மட்டும் ரிவ்யூ எழுதினால் எப்படி இருக்கும்? இணையத்தில் நாம் படிக்கும் பல புகழுரைகளை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

16 முறை செய்து 12 அல்லது அதற்கு மேல் சரியாக இருந்தால், அது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. அந்த நிலையை எட்டினால், இன்னொரு நாள் மீண்டும் செய்து பாருங்கள். இரண்டாவது முறையும் வந்தால் கேபிள் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

அப்போ காசு எங்கே போகணும்?

முதலில் காசே தேவைப்படாத இடம்: ஆப்பின் செட்டிங்ஸ். தரம் 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால், நெட்வொர்க் மோசமாகும்போது ஆப் தானாகவே தரத்தைக் குறைக்கும். இது நிஜமான இழப்பு, காதிலும் விழலாம். அதை உச்ச தரத்துக்கு மாற்றுங்கள். பயணத்துக்குப் பாட்டுகளை முன்பே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து ப்ளூடூத். ஆப்பிள் மியூசிக் 2021 முதல் கூடுதல் கட்டணம் இல்லாமல் லாஸ்லெஸ் தருகிறது. ஆனால் வழக்கமான ப்ளூடூத் இணைப்பு லாஸ்லெஸ் அல்ல என்று ஆப்பிளே சொல்கிறது. ப்ளூடூத் இயர்பட்ஸில் கேட்பவர் லாஸ்லெஸுக்காகச் செலவு செய்யும் டேட்டா, கடைசிக் கட்டத்தில் மறுபடியும் சுருக்கப்படுகிறது. வித்தியாசம் வேண்டும் என்றால் ஒயர் ஹெட்போன். ஆப்பிளின் சின்ன யூஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டருக்குள் இருப்பதும் ஒரு டாக்தான். சாதாரண ஹெட்போன்களுக்கு அதுவே போதும்.

செலவுக்கு உண்மையான பலன் தெரிவது ஹெட்போனிலும் ஸ்பீக்கரிலும்தான். ஆனால் அங்கேயும் விலையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2017-ல் யெரூன் ப்ரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்தார். பாஸ் முதல் ட்ரெபிள் வரை எது எவ்வளவு வருகிறது என்ற சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. காதில் மாட்டிப் பார்த்து, உங்களுக்குத் தெரிந்த பாட்டைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு அறைதான் பாதி ஸ்பீக்கர். வெறும் டைல்ஸ் தரை, வெறும் சுவர் உள்ள ஃபிளாட்டில் ஒலி முட்டித் திரும்பும். கனமான திரை, தரை விரிப்பு, புத்தக அலமாரி, ஸ்பீக்கரை மூலையிலிருந்து ஓரடி நகர்த்துவது ஆகியவை தரும் மாற்றத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டும் கேட்க முடியும்.

விளம்பரம் பொய் என்றால்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. 'இந்த ஸ்விட்ச் போட்டால் இசை மேடை விரியும்' என்ற வாசகத்தை நிரூபிப்பதும் பொய்யாக்குவதும் கடினம் என்பதால், பல விளம்பரங்கள் அந்த மங்கலான மொழியிலேயே இருக்கின்றன. 'இரைச்சல் இத்தனை டெசிபல் குறையும்' என்று எண் கொடுத்திருந்தால் பில்லோடு சேர்த்து அந்த விளம்பரத்தையும் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாங்கத்தான் வேண்டும் என்று மனசு சொன்னால், திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள கடையில் வாங்குங்கள். அந்தக் கெடு முடிவதற்குள் நண்பரையும் ஒரு ரூபாய் நாணயத்தையும் கூட வைத்துக்கொண்டு 16 முறை கேட்டுவிடுங்கள்.