இழைப்புளியின் வாய் அகன்றால்...

தச்சர் பலகையை இழைக்கும்போது அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? 'சர்'ரென்ற ஓசையுடன் இழைப்புளி முன்னே ஓடும். அதன் முதுகிலுள்ள துளை வழியே மரச்சுருள் வளைந்து வளைந்து வெளிவரும். சிறு வயதில் அந்தச் சுருள்களைப் பொறுக்கி விளையாடாதவர் குறைவு. ஆனால் அதே கருவி சில வேளைகளில் அடம்பிடிக்கும். வழவழப்பாக வரவேண்டிய பலகையில் சிலாம்பு எழும். நார்கள் பிடுங்கப்பட்டுக் குழிகள் விழும்.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் பழைய தேக்கு மேசைகளை இழைத்து மெருகேற்ற ஒரு முதியவர் வந்தார். மேசைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தார்கள். முதல் மேசையிலேயே குழி குழியாகப் பெயர்ந்தது. அதை உப்புத்தாள் கொண்டு தேய்த்துச் சரிசெய்வதற்குள் அவருக்கு ஒன்றரை நாள் கழிந்துவிட்டது. அவ்வளவு வேலைக்கும் கூலி அதே கூலிதான்.

"தகட்டைத் தீட்டித் தீட்டிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம், சார். எங்கப்பா பிடிச்ச இழைப்புளி இது. இனிமே அடுப்புக்குத்தான்" என்றார்.

"ஒரு நாள் பொறுங்கள், ஐயா. என்ன நோய் என்று பார்த்துவிடுவோம்" என்றேன்.

நோயை அறிய முதலில் அக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறியவேண்டும். மூங்கிலைப் பிளப்பதை நினைத்துப் பாருங்கள். அரிவாளை முனையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் பிளவு அரிவாளுக்கு முன்னே ஓடிவிடுகிறது. அதன் பின் அரிவாளின் கூர்முனை மூங்கிலைத் தொடுவதே இல்லை. அதன் பருமன் ஆப்பாக நின்று இரு பக்கங்களையும் விலக்குகிறது, அவ்வளவே. மரத்தின் நார்களை நீளவாக்கில் இழுத்து அறுப்பது கடினம். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதோ மிக எளிது. இழைப்புளித் தகடும் ஓர் ஆப்புதான். அதன் முனை மரத்தில் நுழைந்ததும், மேலெழும் சீவல் ஒரு நெம்புகோலாகி, முன்னாலுள்ள நார்களையும் தூக்கிப் பிளக்கிறது.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் ஃபிரான்ஸ் என்பவர் 1958இல் வெளியிட்ட ஆய்வில், நார்ப்போக்கில் மரத்தைச் சீவும்போது உண்டாகும் சீவல்களை மூன்று வகையாகப் பிரித்தார். நாம் இங்கே காண்பது அவற்றுள் முதல் வகை. பிளவு கூர்முனைக்கு முன்னே ஓடுகிறது. சீவல், ஒரு முனை சுவரில் பதிந்த உத்தரம்போல் வளைகிறது. வளைவு தாங்காதபோது ஒடிகிறது. மறுபடி முனை நுழைகிறது, பிளவு ஓடுகிறது, ஒடிகிறது. நாரோட்டம் மேல்நோக்கி இருந்தால் பிளவு மேலே ஏறி முடிந்துவிடும், கெடுதல் இல்லை. நாரோட்டம் பலகைக்குள் இறங்கினால் பிளவும் உள்ளே இறங்கும். சீவல் ஒடியும்போது அடியில் ஒரு குழி மிஞ்சும். 'எதிர் இழை' என்று தச்சர்கள் சொல்வது இதைத்தான்.

பலகையைத் திருப்பி வைத்து இழைத்தால் போதுமே என்பீர்கள். எங்கள் மேசைகளில் அது முடியாது. பல பலகைகளை ஒட்டிச் செய்தவை அவை; ஒன்றின் நாரோட்டம் கிழக்கே இறங்கினால் அடுத்ததன் நாரோட்டம் மேற்கே இறங்கியது.

இங்கேதான் இழைப்புளியின் வாய் உதவிக்கு வருகிறது. தகட்டின் முனைக்கும் அதன் எதிரிலுள்ள கட்டையின் விளிம்புக்கும் இடைப்பட்ட சந்தே வாய். அந்த விளிம்பு மரத்தின்மீது அழுந்திச் செல்வதால், முன்னாலுள்ள நார்கள் எழ வழியில்லை. வாய் அரை மி.மீ. என்றால் சீவல் அந்த அரை மி.மீ.க்குள் வளைந்தாக வேண்டும். அவ்வளவு கூர்மையான வளைவில் அது உடனே ஒடிந்து சுருளும். பிளவு நெடுந்தூரம் ஓடாது. வாய் 3 மி.மீ. இருந்தால்? நெம்புகோலின் நீளம் ஆறு மடங்கு ஆயிற்று!

இந்த நோக்கில் முதியவரின் கருவியைச் சோதித்தோம். முதலில் தகடு. பென்சில் வகை மென்மரத்தின் குறுக்கு முனையை அது நொறுக்காமல் பளபளப்பாகச் சீவியது. ஆக, கூர்மையில் குற்றமில்லை. அடுத்து, அடிப்பரப்பின்மீது இரும்பு அளவுகோலின் விளிம்பை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம். வாய்க்கு நேர் முன்னே ஒளிக்கீற்று தெரிந்தது. அழுத்தமும் உராய்வும் மிகுதியாக விழும் இடம் அதுவே, தேய்ந்திருந்தது. பிறகு வாயின் அகலம்: ஏறக்குறைய 3 மி.மீ. வெளிவந்த சுருளின் தடிப்பைத் திருகு அளவியால் அளந்தோம்: 0.1 மி.மீ. முப்பது மடங்கு அகன்ற வாய்!

ஏன் இவ்வளவு அகன்றது? இதற்கு விடை எளிய வடிவியல். தகடு 45 பாகை சாய்ந்து பின்னோக்கிப் படுத்திருக்கிறது. எதிரிலுள்ள சுவர் செங்குத்து என்று கொள்வோம். தேய்ந்த அடியைச் சமன்செய்ய 1 மி.மீ. இழைத்துவிட்டால், புதிய அடி பழையதற்கு 1 மி.மீ. மேலே அமைகிறது. அந்த உயரத்தில் தகடு 1 மி.மீ. பின்னே இருக்கிறது. எனவே வாயும் 1 மி.மீ. கூடுதலாகத் திறக்கிறது. தகப்பனார் காலத்திலிருந்து அடியைச் சமன்செய்யும் ஒவ்வொரு முறையும் வாய் சிறிது சிறிதாக அகன்றே வந்திருக்கிறது. நல்ல எண்ணத்தோடு செய்த பராமரிப்பே கேடாயிற்று!

பெரியவர் ஏற்கெனவே ஒரு வைத்தியம் செய்து பார்த்திருந்தார். தகட்டின் கீழ்முனைக்குப் பின்னால் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகியிருந்தார். கணக்குப்படி இது சரியே: 1 மி.மீ. அட்டை, 45 பாகைச் சாய்வில், தகட்டின் முனையை 1.4 மி.மீ. முன்னே தள்ளும். ஆனால் அட்டை மெத்தென்று அமுங்கும். அதற்கு மேலே தகட்டுக்குப் பின்னால் வெற்றிடம். தகடு வில்போல் துடிக்கத் தொடங்கியது. பலகையில் சம இடைவெளியில் அலை அலையாய்க் கோடுகள் விழுந்தன. இழைத்த பலகையில் இத்தகைய அலைகளைக் கண்டால், தகடு அதன் சரிவில் முழுவதும் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். தாளொன்றைப் பின்னால் செருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நிலையான வழி, வாய்க்கு முன்னே புதுத் துண்டு பதிப்பது. தேய்மானத்தைத் தடுக்க அடியில் இரும்புத் தகடு பதித்த இழைப்புளிகள் ரோமானியர் காலத்திலேயே உண்டு. எங்களுக்கு ஒரு பழைய வண்டிச் சக்கரத்தின் கருவேல ஆரக்கால் கிடைத்தது. பல ஆண்டுகள் உலர்ந்த கட்டை, உறுதிக்குக் கேட்கவேண்டியதில்லை.

துண்டின் நீளம் 4 செ.மீ., தடிப்பு 8 மி.மீ. அதன் நார்கள் இழைப்புளியின் நீளவாக்கிலேயே ஓடவேண்டும். மரம் உலரும்போது நீளவாக்கில் சுருங்குவது 0.1 முதல் 0.2 விழுக்காடுதான், குறுக்குவாக்கில் பன்மடங்கு. துண்டைக் குறுக்கே பதித்தால் மழைக்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்றென இரண்டும் வெவ்வேறு அளவில் அசைந்து ஒட்டு விட்டுப்போகும்.

வடிவத்திலும் ஒரு நுட்பம் உண்டு. கருவி முன்னே ஓடும்போது உராய்வு விசை துண்டைப் பின்னே, அதாவது வாயை நோக்கி இழுக்கும். ஆகவே துண்டைச் சரிவகமாக வெட்டினோம்: வாய்ப்பக்கம் குறுகலாகவும் முன்பக்கம் சற்று அகலமாகவும். உராய்வு இழுக்க இழுக்க அது பள்ளத்தில் இறுகும். இதை நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்கத் தொடங்கியபோது, பெரியவர் அதற்குள் உளியால் கோடு கிழித்துவிட்டார்!

பள்ளம் தோண்டி, துண்டைப் பசையிட்டு, அடிமட்டத்துக்கு ஒரு மயிரிழை உயர்ந்து நிற்குமாறு பதித்து, ஒரு நாள் இறுக்கி வைத்தோம். அதன் பின்புற முனை வாயை ஏறக்குறைய மூடியே நின்றது. பிறகு அடியைச் சமன்செய்தோம். இதில் பலர் தவறுவார்கள். தகட்டை உள்ளிழுத்துக்கொண்டு, ஆப்பை வழக்கம்போல் இறுக்கிய பின்னரே சமன்செய்யவேண்டும். ஆப்பின் அழுத்தத்தால் கட்டை சிறிது வளைகிறது. சீவலோ 0.1 மி.மீ.; அந்தச் சிறு வளைவும் அதற்குப் பெரிதே. கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து, அடியில் பென்சில் கோடுகள் கிழித்து, கோடுகள் எங்கும் ஒருசேர மறையும்வரை தேய்த்தோம்.

கடைசியாக அரத்தால் வாயைத் திறந்தோம். ஓர் இழுப்பு, ஒரு சோதனை. மீண்டும் ஓர் இழுப்பு. முதலில் சுருள் வாயிலேயே அடைத்துக்கொண்டது. துண்டின் மேல்விளிம்பை முன்னோக்கிச் சரித்து அராவிய பிறகு வழி கிடைத்தது. வாய் 0.6 மி.மீ. அளவில் நிறுத்திக்கொண்டோம்.

தகட்டின் மேல் இன்னொரு தகடு பொருத்திய இரட்டைத் தகடு இழைப்புளிகளுக்கு இவ்வளவு பாடு வேண்டாம் என்பதையும் சொல்லவேண்டும். அதில் மேல்தகடே சீவலை உடனுக்குடன் மடக்கி ஒடிக்கிறது. ஜப்பானில் யாமகாட்டா பல்கலைக்கழகத்தில் கவாய், கட்டோ ஆகிய இருவர் இதை உருப்பெருக்கிப் படமெடுத்துக் காட்டினர். மேல்தகடு கூர்முனையிலிருந்து ஏறத்தாழ 0.1 மி.மீ. தொலைவில் நின்றால் எதிர் இழையிலும் நார் பிடுங்கப்படுவதில்லை. அத்தகைய கருவியில் சிலாம்பு எழுந்தால் வாயைத் தொடாதீர்கள். மேல்தகட்டை முன்னே நகர்த்திப் பாருங்கள். பெரியவருடையதோ ஒற்றைத் தகடு.

சீவலின் தடிப்பையும் குறைத்தோம். பட்டையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடியைப் பொறுத்தது. தடிப்பைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு. மெல்லிய சீவலுக்கு நாரைப் பிளந்து தூக்கும் வலு ஏது? இரண்டாம் மேசை அரை நாளில் முடிந்தது. கணு இருந்த ஓரிடத்தில் மட்டும் சிலாம்பு எழுந்தது. அதைப் பெரியவர் கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சரிசெய்தார்.

புறப்படுமுன் துண்டைத் தடவிப் பார்த்து, "இதுவும் ஒரு நாள் தேயுமே, சார். என்ன பசை போட்டீங்க?" என்றார். கடையில் விற்கும் வெள்ளைப் பசை என்றேன். "வச்சிரம் போட்டிருக்கலாம். ஆவி காட்டினா இளகிப் பெயர்ந்து வந்திடும், இதைச் செதுக்கித்தான் எடுக்கணும்" என்றார். அது எனக்குத் தோன்றவில்லை.