ரத்தம் விட்டுக்கொடுக்காத மாடு

காம்பியா, கினி பக்கத்து இந்டாமா மாட்டை நம்மூர்ச் சந்தைக்கு ஓட்டி வந்தால் யாரும் விலைகூடக் கேட்க மாட்டார்கள். குட்டை உருவம், திமில் கிடையாது, கறவையும் சொற்பம். ஆனால் செட்சி ஈ மொய்க்கும் காட்டோரத்தில் வேற்றின மாடுகள் எலும்பும் தோலுமாய்ச் சாயும்போது, இது தன்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும்.

அந்த ஈ கடித்தால் ட்ரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணி ரத்தத்தில் ஏறிவிடும். நோய்க்குப் பெயர் நகானா. மேலுறையை மாற்றிக்கொண்டே இருக்கும் கிருமி என்பதால் இதுவரை தடுப்பூசி இல்லை. மாட்டைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தசோகைதான். அதிலும் கொடுமை, மாட்டின் சொந்த விழுங்கணுக்களே மண்ணீரலிலும் கல்லீரலிலும் சிவப்பணுக்களை அள்ளித் தின்று தீர்க்கின்றன.

சோதனை எளிது. காதோர நரம்பில் ஒரு குத்து; மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் ஏற்றி, இயந்திரத்தில் சில நிமிடம் சுழற்றுவார்கள். அடியில் சிவப்பணு, மேலே மஞ்சள் நீர், நடுவே நூல்போல ஒரு வெள்ளைக் கோடு. நுண்ணோக்கியில் அந்தக் கோட்டருகேதான் ஒட்டுண்ணி நெளியும். சிவப்பு எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதே கணக்கு. நோயில்லாத மாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கென்யாவின் திமிலுள்ள போரான் மாட்டில் இது கிடுகிடுவென இறங்கும், மருந்தில்லாமல் தேறுவது அரிது. இந்டாமாவிலும் இறங்கத்தான் செய்கிறது, ஆனால் ஓரிடத்தில் நின்று மெல்ல ஏறிவிடுகிறது.

இது கிருமியை அடக்கும் திறமையா, ரத்தத்தைக் காக்கும் திறமையா? நைரோபி ஆய்வாளர்கள் விடை தேடியது அலாதியான வழியில். ஒரே பசுவின் கருப்பையில் இந்டாமாவையும் போரானையும் இரட்டையராக வளர்த்தார்கள். மாட்டு இரட்டையருக்குக் கருவிலேயே ரத்தவோட்டம் கலந்துவிடும். இப்படிப் பிறந்த இந்டாமாக்களின் உடல் இந்டாமாவாக இருந்தாலும், ரத்தம் ஊறும் அணுக்கள் பெரும்பாலும் போரானுடையவை. தொற்று ஏற்றியபோது அவை கிருமியை நன்றாகவே அடக்கின. ரத்தசோகையில் மட்டும் போரானைப் போலவே தவித்தன. ஆக, இரண்டும் தனித்தனித் திறமைகள்.

மேய்ப்பர்களின் கணக்கு வேறு. பாலுக்கும் எடைக்கும் ஆசைப்பட்டுத் திமில் மாட்டோடு கலப்புச் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதோடு, 2003-இல் வெளியான மரபணு ஆய்வில், இந்த நோயைத் தாங்க உதவும் கூறுகளில் சில போரான் பக்கமிருந்தே வந்திருப்பது தெரிந்தது.