அலை அடங்கிய இடம்

கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கள் புறநோயாளர் பிரிவில் தவறாது எழும் வினா, "கடலில் குளிக்கலாமா?" என்பது. நோயாளருக்குரிய விடையைப் பின்னர்க் கூறுகிறோம். நலமுடையோரும் முதலில் கடலின் இயல்பை அறிய வேண்டும்.

கரைக்கு வரும் அலைநீர் எவ்வழியேனும் திரும்பியாக வேண்டும். மணல்திட்டுகளுக்கிடையே ஆழமான பள்ளம் வாய்த்தால், அதன் வழியே ஒடுங்கி விரைந்து பாய்கிறது. இதுவே இழுவை நீரோட்டம். சில வேளைகளில் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தையும் எட்டும். தேர்ந்த நீச்சல் வீரரும் அதனை எதிர்த்துக் கரை சேர்தல் அரிது. கொடுமை யாதெனில், பெரும்பாலும் அவ்விடத்தில் அலை உடைவதில்லை. இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவில் மட்டும் நீர் அடங்கிக் கிடக்கும்; மணல் கலங்கியும் தோன்றும். குழந்தையை இறக்கிவிட ஏற்ற இடம் இதுவே எனப் பெற்றோர் எண்ணிவிடக்கூடும்.

இந்நீரோட்டம் ஆளை அடியில் அமிழ்த்துவதில்லை; கரையிலிருந்து அப்பால் கொண்டுசெல்கிறது. எதிர்த்துப் போராடி வரும் களைப்பே உயிரைப் பறிக்கிறது. ஆகவே மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கோர வேண்டும். நீந்த வல்லவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகியபின் கரை நோக்கித் திரும்பலாம்.

தெளிந்த வானத்தையும் நம்புதற்கில்லை. தென்கோடிப் பெருங்கடலில் வீசிய புயற்காற்று எழுப்பும் அலைகள், சில நாள்கள் கழித்து நம் கரையில் முன்குறியின்றிப் பொங்கும். கள்ளனைப்போல் வருவதால் அதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் பயின்ற ஐவரை அலை கொண்டுசென்றது. கடற்சீற்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எங்கள் துறையினருக்கு இன்றும் ஆறாத் துயர் அது. எச்சரிக்கை உள்ள நாளிலும், மீனவர் படகுகளை மேட்டில் ஏற்றிக் கட்டியிருக்கும் நாளிலும் கால் நனைக்கவும் இறங்கலாகாது.

கோவளம் போன்ற இடங்களில் அலைச்சறுக்கு பயில்வோர் பயிற்றுநரின்றி இறங்கலாகாது. படகு விளையாட்டுக்குச் செல்வோர் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகள் அனைத்தையும் பூட்ட வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் அது முகவாயைத் தாண்டி எழுமாயின், அளவு பெரிது. வேறொன்று கேட்டுப் பெறுக.

ஒருவர் தத்தளிக்கக் கண்டால், பயிற்சியற்றோர் பின்னே பாய்வது இழப்பை இரட்டிப்பாக்கும். கயிறு, முடிச்சிட்ட வேட்டி, மூடியிட்ட காலிக் கேன் ஆகியவற்றுள் எதுவாயினும் எறிக. கரையேற்றியபின் வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயலும் பழக்கம் தீங்கானது. வாந்தி நுரையீரலுள் செல்லும். மூச்சில்லையெனில் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, பின்னர் மார்பை அழுத்த வேண்டும்; உடனிருப்போர் 108ஐ அழைக்கட்டும். நினைவு திரும்பி நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்து வருக. நீர் புகுந்த நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறலை உண்டாக்கும்.

இனி, நோயாளருக்கு. வலிப்பு நோயுடையோர் கடலில் இறங்குவதைத் தவிர்ப்பதே நன்று. இடுப்பளவு நீரும் அவர்களுக்கு ஆழமே. இதயநோயாளர் மருத்துவரைக் கேட்ட பின்னரே செல்லலாம். தையற்புண் முழுதும் ஆறும்வரை எவரும் இறங்கலாகாது. நீரிழிவு நோயாளர் வெறுங்காலுடன் சுடுமணலில் நடக்க வேண்டா. உணர்விழந்த பாதத்தில் கிளிஞ்சல் கீறியது வீடு திரும்பிய பின்னும் தெரியாது. அன்றிரவே ஒருவர் விளக்கொளியில் அவர்தம் உள்ளங்கால்களைப் பார்த்துவிட வேண்டும்.