கல்லடைப்பு: வலி நின்றால் கணக்குத் தீர்ந்ததா?

கோடை பிறந்துவிட்டால் ஆத்தங்குடி, காரைக்குடிப் பக்கம் நம்மில் பலரும் கல்லடைப்பால் அவதிப்படுகிறோம். காலையில் கடை திறந்தால் மதியம் வரை கல்லாவை விட்டு எழுவதில்லை. எழுந்து போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்கிறோம். உடம்பின் நீர் வியர்வையாகப் போய்விட, சிறுநீர் கெட்டிப்பட்டு, அதிலுள்ள உப்புகள் கல்லாகப் படிகின்றன. அந்தக் கல் வழியை அடைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நம் அங்கத்தினர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

நம் இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவையே சிறுநீராக அனுப்புகின்றன. அதைச் சிறுநீர்ப்பைக்குக் கொண்டு சேர்ப்பவை பக்கத்துக்கு ஒன்றான சிறுநீர்க் குழாய்கள். ஒவ்வொன்றும் 25 முதல் 30 செ.மீ. நீளம், உள் அகலம் சில மில்லிமீட்டர்தான்.

நம் ஊர்ப் பெரிய வீடுகளில் முற்றத்து வடிகால் அடைத்துக்கொண்டால் மழைநீர் தேங்கித் தாழ்வாரம் ஏறி, சுவரில் ஓதம் பிடிக்கும். இங்கும் அப்படித்தான். கல்லுக்கு மேலுள்ள குழாய் முதலில் வேகமாகச் சுருங்கி நீரைத் தள்ளப் பார்க்கிறது. அந்த இழுப்பும் வீக்கமுமே விலாவிலிருந்து அடிவயிறு வரை பாயும் வலி. அடைப்பு நீடித்தால் குழாய் விரிந்து தொய்ந்து, தள்ளும் வலுவை இழக்கிறது. தேங்கிய நீர் சிறுநீரகத்தின் உள்ளறையைப் பெருக்கச் செய்கிறது. அழுத்தத்தால் வடிகட்டும் வேலையும் இரத்த ஓட்டமும் குறைந்து, சதை மெலிந்து தழும்பாகிறது.

முழு அடைப்பை ஒரு வாரத்துக்குள் நீக்கினால் சிறுநீரகம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். ஆறு வாரம் கடந்தால் மீளும் வாய்ப்பு மிகக் குறைவு.

இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சில நாளில் வலி தானே தணிந்துவிடலாம். கல்லோ இருந்த இடத்திலேயே இருக்கும். மற்றச் சிறுநீரகம் வேலையைச் சமாளிப்பதால் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவும் சரியாகவே காட்டலாம். ஒரு கடையின் நஷ்டத்தை இன்னொரு கடையின் லாபம் மறைப்பது போலத்தான் இது. ஆகவே, வலி நின்றாலும் ஸ்கேன் பார்த்துக் கல் இறங்கிவிட்டதா என்று உறுதி செய்ய வேண்டும்.

5 மி.மீ.க்கும் சிறிய கல் பெரும்பாலும் தானே வெளியேறும். பெரிய கல்லை அதிர்வலையாலோ லேசராலோ உடைத்து எடுக்கிறார்கள். வாழைத்தண்டுச் சாறு நல்ல உணவுதான். ஆனால் அதை நம்பி வாரங்களைக் கழிக்கலாகாது. வலியுடன் குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடியோடு நின்றாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐம்பது வயது கடந்த ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்தால் இரு சிறுநீரகங்களும் ஒருசேரக் கெடக்கூடும். சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவதை வயதின் குறை என்று விட்டுவிடக் கூடாது.

காரைக்குடியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. பெரிய சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் உண்டு.

கல் வந்தவர்கள் நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பது நலம். இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும். கல்லாப்பெட்டி அருகில் ஒரு தண்ணீர்ச் செம்பு இருக்கட்டும்; எழுந்து போகும் ஐந்து நிமிடத்தில் வியாபாரம் கெட்டுவிடாது.