லுவாங்வா சஃபாரி விடுதியில் ஒரு நாள்: விளக்கக் கட்டுரைக்கான வாசிப்புப் பகுதி



காடு, சுற்றுலா, விலங்குகள் என்று தலைப்பு வந்தால் நம் மாணவர்களில் சிலர் உடனே ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுவார்கள். அங்கே புலி உறுமும், சிங்கம் கர்ஜிக்கும், புள்ளிமான் துள்ளும். படிக்க நல்லாத்தான் இருக்கும். ஆனால், ஆப்பிரிக்கக் காடுகளில் புலியும் இல்லை, புள்ளிமானும் இல்லை. விளக்கக் கட்டுரையில் ஒரு தவறான தகவல் வந்துவிட்டால், படிப்பவருக்கு மற்ற தகவல்கள் மேலும் நம்பிக்கை போய்விடும். ஆகவே, ஓர் உண்மையான இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே ஒரு நாள் எப்படிப் போகிறது, ஏன் அப்படிப் போகிறது என்று பார்ப்போம்.

இடமும் பருவமும்

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள நாடு சாம்பியா. அதன் கிழக்கே லுவாங்வா ஆறு ஓடுகிறது. ஆற்றை ஒட்டிய தெற்கு லுவாங்வா தேசியப் பூங்கா 1972-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பளவு ஏறக்குறைய 9,050 சதுர கிலோமீட்டர். முஃபுவே என்ற சிற்றூர்தான் இதற்கு நுழைவாயில்.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது தண்ணீர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை. அப்போது காட்டில் எங்கும் குட்டைகள் இருப்பதால் விலங்குகள் சிதறிவிடும். பாதைகளும் சேறாகிவிடும், அதனால் காட்டுக்குள் இருக்கும் சிறு முகாம்கள் பலவற்றை மூடிவிடுவார்கள். மே முதல் அக்டோபர் வரை வறட்சி. குட்டைகள் வற்ற வற்ற, விலங்குகள் ஆற்றை நோக்கி வரும். அக்டோபரில் வெயில் 40 பாகை செல்சியசையும் தாண்டும். மனிதருக்குக் கஷ்டமான அந்த மாதத்தில்தான் விலங்குகளை அதிகம் பார்க்க முடியும்.

விடுதியின் கால அட்டவணை

வறட்சிக் காலத்தில் விடுதியில் காலை ஐந்து மணிக்கே எழுப்பிவிடுவார்கள். தேநீர், கஞ்சி, ரொட்டி என்று லேசாகச் சாப்பிட்டுவிட்டு, ஆறு மணிக்குள் திறந்த வண்டியில் கிளம்ப வேண்டும். ஏன் இவ்வளவு சீக்கிரம்? வெயில் ஏறிட்டா, சிங்கமும் சிறுத்தையும் நிழலில் படுத்துவிடும். பத்து, பத்தரைக்கு எல்லாரும் விடுதிக்குத் திரும்பிவிடுவார்கள். நண்பகலில் மனிதருக்கும் ஓய்வு, விலங்குகளுக்கும் ஓய்வு.

மாலை நான்கு மணிக்கு அடுத்த பயணம். ஆறு மணியளவில் சூரியன் மறையும்போது ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்துவார்கள். இருட்டிய பிறகு கைவிளக்கின் ஒளியில் இரவு விலங்குகளைத் தேடுவார்கள். மான் போன்ற பகல் விலங்குகள் மீது அந்த ஒளியை நிறுத்தி வைக்க மாட்டார்கள். ஒளி பட்டால் அவற்றுக்குச் சிறிது நேரம் கண் தெரியாது. பக்கத்தில் பதுங்கியிருக்கும் சிறுத்தைக்கு அது வசதியாகிவிடும்.

விதிகளும் காரணங்களும்

இந்தப் பகுதியை மாணவர்கள் கவனமாகப் படியுங்கள். விதியை மட்டும் சொன்னால் அது அறிவிப்பு. காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் விளக்கம்.

வண்டியில் எழுந்து நிற்கக் கூடாது. ஏனெனில், வண்டியையும் அதில் இருப்பவர்களையும் விலங்குகள் ஒரே உருவமாகப் பார்த்துப் பழகியிருக்கின்றன. ஒருவர் எழுந்து நின்றால் அந்த உருவம் மாறிவிடும்.

நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் போகக் கூடாது. அதன் தோல் வெயிலில் எளிதில் காய்ந்துவிடும். ஆகவே பகலெல்லாம் தண்ணீரில் கிடந்து, இரவில் கரையேறிப் புல் மேயும். திரும்பும் வழியை யாராவது மறித்தால் பயந்து பாய்ந்துவிடும்.

இருட்டிய பின் அறைக்குத் தனியாக நடக்கக் கூடாது. காவலர் ஒருவர் கூடவே வருவார். பல விடுதிகளைச் சுற்றி வேலி இல்லை. அறைக்கு முன்னாலேயே யானையோ நீர்யானையோ மேய்ந்துகொண்டிருக்கலாம்.

வேலி இல்லாததற்குப் புகழ்பெற்ற சான்று முஃபுவே விடுதி. நவம்பர் வாக்கில் அதன் முற்றத்தில் உள்ள காட்டு மாமரம் பழுக்கும். அப்போது யானைக் குடும்பம் ஒன்று படியேறி, வரவேற்புக் கூடம் வழியாகவே நடந்து போய்ப் பழம் தின்னும். ஊழியர்கள் விரட்டுவதில்லை. விருந்தினரைத் தள்ளி நிற்க வைத்துவிட்டு, யானைகள் போகும்வரை காத்திருப்பார்கள்.

பார்ப்பது எப்படி?

வழிகாட்டி விலங்கைத் தேடுவதற்கு முன் தடயத்தைத் தேடுவார். மண்ணில் பதிந்த கால்தடத்தில் நகக்குறி இல்லையென்றால் அது பெரும்பாலும் பூனை இனம். நகத்தை உள்ளிழுத்து நடந்திருக்கும். நகக்குறி இருந்தால் கழுதைப்புலியாகவோ காட்டுநாயாகவோ இருக்கலாம். இம்பாலா என்ற மறிமான்கள் ஒரே திசையைப் பார்த்துச் சீறினால், அந்தத் திசையில் ஆபத்து. பபூன் குரங்குகள் மரத்தில் இருந்து குரைத்தால், கீழே சிறுத்தை இருக்கக்கூடும்.

நடந்தே காட்டைப் பார்க்கும் பயணத்துக்கும் இந்தப் பள்ளத்தாக்கு பெயர் பெற்றது. நார்மன் கார் என்பவர் 1950-இல் இங்கே என்செஃபு தலைவரின் சம்மதத்தோடு பயணிகள் முகாம் ஒன்றைத் தொடங்கினார். அதன் வருமானத்தில் ஊர் மக்களுக்கும் பங்கு கிடைத்தது. நடைப் பயணத்தில் துப்பாக்கி ஏந்திய காவலர் முன்னே போவார். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக, பேசாமல் நடக்க வேண்டும். எது வந்தாலும் ஓடக் கூடாது.

பெயரில் கவனம் தேவை

சிறுத்தை, சிவிங்கி: உடலில் ரோஜாப்பூப் போன்ற வளையப் புள்ளிகள் இருந்தால் சிறுத்தை. தனித்தனிக் கரும்புள்ளிகளும், கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடும் இருந்தால் சிவிங்கி. தெற்கு லுவாங்வா சிறுத்தைக்குப் பேர்போன இடம். சிவிங்கியை அங்கே பார்க்கலாம் என்று எழுதாதீர்கள்.

ஒட்டகச்சிவிங்கி: இது நீண்ட கழுத்துள்ள விலங்கு. தோர்னிகிராஃப்ட் ஒட்டகச்சிவிங்கி என்னும் வகை லுவாங்வாப் பள்ளத்தாக்கில் மட்டுமே வாழ்கிறது.

கழுதைப்புலி: கழுதையும் இல்லை, புலியும் இல்லை, தனிக் குடும்பம்.

நீர்யானை: யானைக்கு உறவு கிடையாது. இன்று வாழும் விலங்குகளில் அதற்கு நெருங்கிய உறவு திமிங்கிலம்.

மான், மறிமான்: மானின் கிளைக்கொம்பு ஆண்டுதோறும் விழுந்து மீண்டும் முளைக்கும். மறிமானின் கொம்பு விழாது. இம்பாலா, பூக்கு, குடு எல்லாம் மறிமான்கள்.

காண்டாமிருகம்: வேட்டையால் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்தே அழிந்துபோனது. 2003-இல் வடக்கு லுவாங்வாவில்தான் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள்.

பஞ்சுருட்டான்: செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் செப்டம்பர், அக்டோபரில் ஆற்றங்கரை மண்சுவரில் துளையிட்டுக் கூட்டமாகக் கூடு கட்டும்.

விடுதிக்கு வெளியே

வழிகாட்டி, சமையல்காரர், அறை துப்புரவாளர் என்று விடுதி ஊழியர்களில் பலர் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களின் அன்றாட உணவு ன்ஷிமா. சோளமாவைக் கிண்டி, நம்ம ஊர்க் களி மாதிரி கெட்டியாக்கி, கையால் உருட்டிக் கீரையோடும் கருவாட்டோடும் சாப்பிடுவார்கள்.

அதே சோளம் வயலில் விளையும்போது யானை வந்துவிடும். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவு போய்விடலாம். வயலைச் சுற்றி மிளகாய் தடவிய துணிகளைக் கட்டுவார்கள், மிளகாய்ப் புகையும் போடுவார்கள். யானைக்கு அந்தக் காரம் ஆகாது. வரவேற்புக் கூடத்தில் யானை நுழைந்தால் விருந்தினருக்கு அது மகிழ்ச்சி. வயலில் நுழைந்தால் விவசாயிக்கு அது பசி. விடுதியின் வருமானம் வேலையாகவும் பள்ளிக்கூடமாகவும் அந்த ஊருக்குள் போய்ச் சேர்ந்தால்தான், யானை உயிரோடு இருப்பதால் தனக்கும் பயன் உண்டு என்று அந்த விவசாயி நினைப்பார். வனவிலங்குப் பாதுகாப்பு பற்றி எழுதும்போது இந்த இரண்டு பக்கத்தையும் காட்டுங்கள். கட்டுரையின் கருத்து தானாகவே ஆழமாகும்.

பயிற்சி

1. மேலே உள்ள மூன்று விதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "ஏனெனில்", "ஆகவே", "இல்லாவிட்டால்" ஆகிய சொற்களைப் பயன்படுத்தி 60 சொற்களில் விளக்குக.

2. உங்கள் வீடு அல்லது பள்ளி வளாகத்தில் ஒரு பறவையையோ விலங்கையோ பத்து நிமிடம் கவனியுங்கள். நேரம், இடம், சரியான பெயர், அது செய்த செயல் ஆகிய நான்கையும் குறித்து வையுங்கள். "அழகாக இருந்தது" என்று எழுதாமல் ஒரு பத்தி எழுதுக.

3. "வனவிலங்குச் சுற்றுலா உள்ளூர் மக்களுக்கு நன்மையே தருகிறது." இக்கருத்தை ஆதரித்தோ மறுத்தோ கட்டுரை எழுதுக.

ஆசிரியர்கள் இரண்டாவது பயிற்சியை முதலில் செய்ய வைத்தால் நல்லது. கண்ணால் பார்த்ததைக் குறித்துப் பழகிய மாணவர், காணாத ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதும்போதும் பெயரையும் காரணத்தையும் சரிபார்த்துக்கொண்டு எழுதுவார்.