தவணை மேல் தவணை: ஒரு டேங்கர் விமானத்தின் கதை

விமானத்தின் வாலடியில் ஜன்னல் வைப்பதா, கேமரா வைப்பதா? வானிலேயே பிற விமானங்களுக்கு எரிபொருள் தரும் கே.சி.-46 டேங்கருக்கான அமெரிக்க விமானப்படையின் திட்டத்தை இந்தக் கேள்வி இன்னும் விட்டபாடில்லை.

பழைய கே.சி.-135 டேங்கரில் ஜன்னல்தான். 'பூம் ஆபரேட்டர்' எனப்படும் வீரர் விமானத்தின் பின்பகுதியில் குப்புறப் படுத்துக்கொள்வார். கண்ணாடி வழியாக நேராகப் பார்த்தபடியே, பூம் என்ற நீண்ட உலோகக் குழாயைப் பின்னால் நெருங்கிவரும் போர் விமானத்தின் எரிபொருள் வாய்க்குள் செருகுவார். 1957-இலிருந்து இதுதான் வழக்கம். புதிய கே.சி.-46-இல் அவர் முன்பக்கம், விமானி அறைக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்திருக்கிறார். சினிமா தியேட்டரில் தருவது போன்ற முப்பரிமாணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வால்பக்கத்துக் கேமராக்கள் அனுப்பும் படத்தைத் திரையில் பார்த்தே குழாயைச் செலுத்துகிறார். படுத்துக் கிடக்க வேண்டியதில்லை, இரவிலும் அகச்சிவப்புக் கேமரா கைகொடுக்கும் என்று காகிதத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தது. வானத்தில் வெயில் அடித்தபோதுதான் வில்லங்கம் தெரிந்தது.

தொடக்கமே கோணல்

கே.சி.-135 விமானங்களுக்கு வயதாகிவிட்டது என்பது 2000-களின் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியும். 100 போயிங் 767 விமானங்களை டேங்கராக மாற்றிக் குத்தகைக்கு எடுப்பது என்று முதலில் யோசித்தார்கள். அந்தப் பேச்சுவார்த்தையில் அரசுத் தரப்பில் இருந்த விமானப்படையின் கொள்முதல் அதிகாரி டார்லீன் ட்ரூயன், அதே சமயத்தில் போயிங்கில் தனக்கு வேலையும் பேசிக்கொண்டிருந்தது அம்பலமானது. அவர் சிறைக்குப் போனார். அவரோடு வேலை பேசிய போயிங்கின் நிதித் தலைவர் மைக்கேல் சியர்ஸும் சிறைக்குப் போனார். நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஃபில் காண்டிட் 2003 டிசம்பரில் பதவி விலகினார். குத்தகைத் திட்டம் குப்பைக்குப் போனது.

2008 பிப்ரவரியில் மறுபடி போட்டி நடந்தது. ஏர்பஸ்ஸின் தாய் நிறுவனமான இ.ஏ.டி.எஸ்., நார்த்ராப் க்ரம்மனோடு கூட்டுச் சேர்ந்து வென்றது. போயிங் முறையிட்டது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ., தேர்வு நடந்த விதத்தில் பிழைகள் உண்டு என்று ஜூனில் சொல்ல, அந்த முடிவும் ரத்தானது. மூன்றாவது சுற்றில், 2011 பிப்ரவரி 24 அன்று, போயிங் வென்றது. மொத்தம் 179 விமானங்கள்.

இரண்டு முறை சூடு கண்ட விமானப்படை இம்முறை ஒப்பந்தத்தை இறுக்கிக் கட்டியது. விமானத்தை உருவாக்கும் பணிக்கு 490 கோடி டாலர் உச்சவரம்பு. அதற்கு மேல் ஒரு டாலர் ஆனாலும் அது போயிங்கின் பொறுப்பு. முதல் 18 விமானங்களை 2017 ஆகஸ்டுக்குள் தந்தாக வேண்டும். வரி செலுத்துபவரின் பணத்துக்கு இதைவிடப் பாதுகாப்பு கிடையாது என்று பலரும் பாராட்டினார்கள். பணத்துக்குப் பாதுகாப்பு கிடைத்தது உண்மைதான். காலத்துக்குத்தான் கிடைக்கவில்லை.

பழகிய விமானம், புதிய கோளாறு

போயிங் 767 ஒன்றும் புதிய விமானம் இல்லை. 1982 முதல் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறப்பது. அதில் எரிபொருள் தொட்டிகளையும் குழாயையும் ராணுவக் கருவிகளையும் பொருத்தினால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கையில்தான் விலை பேசப்பட்டது.

முதல் அடி மின்கம்பியில் விழுந்தது. ஒரு கம்பிக்கட்டு சேதமானாலும் அதற்கு மாற்றாக உள்ள கட்டு வேலை செய்ய வேண்டும். அதற்காக இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி விட வேண்டும் என்பது விதி. சில இடங்களில் அந்த இடைவெளி இல்லை என்று தெரியவந்தபோது முதல் விமானங்களின் கட்டுமானம் பாதியில் இருந்தது. பிரித்து மறுபடி பின்ன வேண்டியதாயிற்று. 2014 ஜூலையில் போயிங் 42.5 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. அடுத்த ஆண்டு ஜூலையில் எரிபொருள் அமைப்பின் சிக்கல்களுக்காக இன்னொரு 83.5 கோடி. அதற்கு மறுமாதமே, சோதனையின்போது தவறான லேபிள் ஒட்டிய ரசாயனத்தை எரிபொருள் அமைப்புக்குள் செலுத்தியதில் பாகங்கள் கெட்டன. 2016-இல் சி-17 சரக்கு விமானத்துக்கு எரிபொருள் தர முயன்றபோது பூமின் மீது தாங்கமுடியாத அழுத்தம் ஏறியது. அதற்கு ஹைட்ராலிக் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு பொருத்திச் சமாளித்தார்கள்.

இவையெல்லாம் பொறியாளர்களுக்குப் பழக்கமான ரகம். கோளாறு எங்கே என்று தெரியும், அளந்து பார்க்கலாம், சரிசெய்தபின் மறுபடி அளக்கலாம். வால்வு பிரச்சினை சில மாதங்களில் தீர்ந்தது இதனால்தான். கேமரா அப்படிப்பட்டதில்லை.

கண்ணை ஏமாற்றும் திரை

சூரியன் சில கோணங்களில் இருக்கும்போது திரையில் படம் வெளுத்துப்போனது, அல்லது நிழலில் கரைந்தது. அதைவிடப் பெரிய தொல்லை ஆழம். நம் இரு கண்களும் சேர்ந்து தூரத்தைக் கணிப்பதைப்போல இரண்டு கேமராக்கள் அங்கே முப்பரிமாணப் படத்தை உண்டாக்குகின்றன. அந்தப் படத்தில் நுட்பமான திரிபு இருந்தது. திரையில் காணும் தூரமும் உண்மையான தூரமும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகவில்லை. குழாயின் முனை எரிபொருள் வாங்கும் விமானத்தின் உடலை உரசியதுகூடச் சில சமயம் ஆபரேட்டருக்குத் தெரியவில்லை. ராடாரில் சிக்காமலிருக்க மேலே விசேஷப் பூச்சு பூசிய எஃப்-22 போன்ற விமானங்களில் ஒரு கீறல் விழுந்தாலும் செலவும் ஆபத்தும் அதிகம். நெடுநேரம் திரையைப் பார்த்த ஆபரேட்டர்களுக்குக் கண்வலியும் தலைவலியும் வந்தன.

இங்கேதான் ஒப்பந்தத்தின் வாசகம் குறுக்கே வந்து நின்றது. திரையில் படம் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதை யாரும் எண்ணில் எழுதி வைத்திருக்கவில்லை. எங்கள் கருவி ஒப்பந்தப்படியே இருக்கிறது என்றது போயிங். வீரர்களால் பாதுகாப்பாக வேலை செய்ய முடியவில்லை என்றது விமானப்படை. எது குறை, எது குறை இல்லை என்று பேசி முடிக்கவே மாதக்கணக்கில் ஆனது. தர அளவுகோல்கள் சிலவற்றை இரு தரப்பும் 2019 ஜனவரியை ஒட்டித்தான் ஒப்புக்கொண்டன. அதே மாதம் 10-ஆம் தேதி, கோளாறுகள் அப்படியே இருக்க, முதல் விமானத்தை விமானப்படை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு விமானத்துக்கும் 2.8 கோடி டாலர் வரை பிடித்து வைத்துக்கொள்வோம், சரிசெய்தபிறகு தருவோம் என்பது நிபந்தனை.

2020 ஏப்ரலில் ஒரு வழி பிறந்தது. ஒட்டுப்போட்டுப் பயனில்லை, முழுவதையும் புதிதாக வடிவமைப்பது என்று முடிவானது. வண்ண 4கே கேமராக்கள், தூரத்தை லேசர் கொண்டு அளக்கும் லைடார், பெரிய புதிய திரைகள். செலவு போயிங்குடையது. பெயர் ஆர்.வி.எஸ். 2.0. முடிப்பதாக வாக்குக் கொடுத்த ஆண்டு 2023. அதே நேரத்தில் கொரோனா நெருக்கடியைக் காரணம் காட்டி, பிடித்து வைத்திருந்ததில் 88.2 கோடி டாலரை விமானப்படை விடுவித்தது. போயிங்கின் கையைப் பிடித்து இழுக்க இருந்த கயிற்றில் பாதி அன்றே அவிழ்ந்தது என்று சொல்ல வேண்டும்.

விறைத்த குழாய், விரித்த கை

இன்னொரு கோளாறில் கதை தலைகீழ். கே.சி.-46-இன் பூம் விறைப்பானது. பின்னால் வரும் விமானம் நெருங்கும்போது குழாய் உள்ளே சுருங்கிக் கொடுக்க வேண்டும். ஆனால் இது எண்ணெய் காணாத தாழ்ப்பாளைப் போல முரண்டுபிடித்தது. கனரக விமானங்களுக்கு இது பெரிதில்லை. ஏ-10 போன்ற, அவ்வளவாக உந்துவிசை இல்லாத விமானத்தால் அதைத் தள்ளவே முடியவில்லை. தள்ளுவதற்காக விமானி எஞ்சினை முறுக்கினாலோ, குழாய் விடுபட்ட கணத்தில் விமானம் டேங்கரின் அடிவயிற்றை நோக்கிப் பாயும்.

இதில் போயிங்கைக் குற்றம் சொல்ல முடியவில்லை. பூமின் விறைப்பு சர்வதேசத் தரத்துக்கு உட்பட்டே இருந்தது. அந்த அளவைப் போதும் என்று ஏற்றதும் விமானப்படைதான். ஆகவே மறுவடிவமைப்புச் செலவும் அதன் தலையில் விழுந்தது. 2019 ஆகஸ்டில் முதல் தவணையாக 5.55 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள்.

ஒரே விமானத்தில் இரண்டு கோளாறுகள். கேமராவில் எண் எழுதாமல் விட்டதால் தகராறு, பூமில் தவறான எண்ணை எழுதியதால் செலவு. தாமதத்துக்கு ஆலையை மட்டும் நோக்கி விரல் நீட்டுவது எளிது. காரணத்தின் சரிபாதி, 2011-க்கு முன்பு தேவைப் பட்டியல் தயாரித்த மேசைகளில் கிடக்கிறது.

ஆலையும் சும்மா இருக்கவில்லை. 2019 தொடக்கத்தில், ஒப்படைக்கப்பட்ட விமானங்களின் உள்ளே மறந்துபோன கருவிகளும் உலோகத் துண்டுகளும் கிடந்தன. ஏற்பதை விமானப்படை இரண்டு முறை நிறுத்தியது. அந்த ஆண்டு செப்டம்பரில் சரக்கைத் தரையோடு பிணைக்கும் பூட்டுகள் பறக்கும்போதே கழன்றுகொண்டன. சரக்கும் பயணிகளும் ஏற்றத் தடை வந்தது. புதிய பூட்டு பொருத்தி மூன்று மாதத்தில் தடையை நீக்கினார்கள்.

குறையோடு பறப்பது

இத்தனை கோளாறுகளுக்கு நடுவே விமானங்களைக் கொட்டகையில் நிறுத்திவைக்கும் வசதி விமானப்படைக்கு இல்லை. கே.சி.-10 என்ற இன்னொரு டேங்கர் வகையை அது படிப்படியாக ஓய்வு பெறச் செய்துகொண்டிருந்தது. 2024 செப்டம்பரில் கடைசி கே.சி.-10-உம் போயே விட்டது. ஆகவே 2021 முதல் ஒரு நடுவழி பிடித்தார்கள். பத்திரமானது என்று தெரிந்த பணிகளுக்கு மட்டும் ஒவ்வொன்றாக அனுமதி. முதலில் கடற்படை விமானங்களுக்கு நெகிழ்குழாய் வழியே எரிபொருள், பிறகு பூம் வழியே பி-52, சி-17 போன்ற பெரியவை, அதன்பின் போர் விமானங்கள். 2022 செப்டம்பரில், உலகின் எந்தப் போர்முனைக்கும் இதை அனுப்பலாம் என்று வான் போக்குவரத்துப் பிரிவின் தளபதி ஜெனரல் மைக் மினிஹன் அறிவித்தார்.

விமானம் நன்றாகவே பறக்கிறது என்பதில் சந்தேகமில்லை. சுமார் 96 டன் எரிபொருள் சுமக்கும். 2024 ஜூன் இறுதியில் கான்சஸ் மாநிலத்தின் மெக்கானெல் தளத்திலிருந்து கிளம்பிய ஒரு கே.சி.-46, தானும் வானிலேயே எரிபொருள் வாங்கிக்கொண்டு, எங்கும் இறங்காமல் சுமார் 45 மணி நேரத்தில் உலகைச் சுற்றித் திரும்பியது.

ஆனால் பூம் அவ்வப்போது தன் குணத்தைக் காட்டுகிறது. 2022 அக்டோபரில் ஒரு எஃப்-15, நவம்பரில் ஒரு எஃப்-22, 2024 ஆகஸ்டில் கலிஃபோர்னியா கடலுக்கு மேலே மீண்டும் ஒரு எஃப்-15. மூன்று முறையும் எரிபொருள் நிரப்பும்போது குழாய் சேதமடைந்தது. 2025-இல் வெளியான விசாரணை அறிக்கைகள், விமானக் குழுக்களின் பிழைகளோடு பூமின் விறைப்பையும் சேர்த்தே பேசின. அந்த ஆண்டு பிப்ரவரியில் புதிய விமானங்களின் இறக்கைப் பகுதியில் விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டு, மே வரை ஒப்படைப்பு நின்றது.

போயிங்கின் கணக்கில் இந்தத் திட்டத்தின் நஷ்டம் 700 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. உச்சவரம்பு போட்ட தொகையைவிட இது அதிகம். கேமராவின் கெடு 2023-இலிருந்து 2024-க்கும், பிறகு 2026-க்கும், இப்போது 2027-க்கும் நகர்ந்திருக்கிறது. ஏற்கெனவே படையில் சேர்ந்த விமானங்களிலும் அதைக் கழற்றி மாட்ட வேண்டும்.

2025 ஜூலை 8 அன்று வர்ஜீனியா கரைக்கு அப்பால் எஃப்-22 ஒன்றுக்கு எரிபொருள் கொடுத்துக்கொண்டிருந்த கே.சி.-46-இன் பூம் மீண்டும் சேதமடைந்தது. அதே ஜூலையில் அடுத்த டேங்கர் கொள்முதல் குறித்தும் விமானப்படை முடிவெடுத்தது. புதிய போட்டி நடத்தினால் காலம் போய்விடும், பழைய கே.சி.-135-கள் அதுவரை தாங்காது என்பது அதன் வாதம். போட்டி வேண்டாம், மேலும் 75 கே.சி.-46 வரை வாங்கலாம் என்று அது தீர்மானித்தது.